குடுவையில் எறும்பு

ஹாங்காங், 9 ஏப்ரல் 2017

அன்புள்ள அக்னெஸ்,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மக்காவ் ஈரக்காற்றைக் குறை சொல்லாதே, நட.

சிங்மிங் நினைவுநாளில் கல்லறையைத் துடைத்துவிட்டு வந்து, என் கணவர் படத்தின் முன் குடுவையில் அரிசி மது வைத்தேன். மறுநாள் அதன் வாயில் எறும்பு. முகர்ந்து பார்த்தேன். இருமல் மருந்து! இறந்தவருக்கு வைத்ததை யாரும் தொடமாட்டார்கள் என்று, மதுவைக் கொட்டிவிட்டு அதில் ஒளித்திருக்கிறாள் ஹொய்-யிங். என் கொழுந்தனார் மகள். தாயில்லாதவள், அவர் வான்கூவரில் இருப்பதால் என்னிடம் வளர்பவள். பதினைந்து வயது. தினமும் மூன்று பாட்டில் குடிக்கிறாளாம், போதைக்காக.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா. யார்கிட்டயுமே வேணாம்" என்று அழுதாள். சிலுவை போட்டு வாக்குக் கொடுத்தேன். இனிச் சனிக்கிழமைதோறும் ஆலோசகரிடம் அழைத்துப் போவேன்.

உன்னிடம் சொல்வது வேறொருவரிடம் சொல்வதாகாது. படித்ததும் கிழித்துவிடு.

உன் மோனிக்கா

மக்காவ், 12 செப்டம்பர் 2018

என் மோனிக்கா,

என் புதிய இளையோர் நாவல் தனித் தபாலில் வருகிறது. பள்ளிகள் கேட்டு வாங்குகின்றன! பெயர், தெரு, வயது எல்லாம் மாற்றிவிட்டேன். அந்தக் குடுவையை மட்டும் விட மனம் வரவில்லை. எத்தனை நாள் யோசித்தாலும் எனக்கு அப்படியொன்று தோன்றாது. இதைப் படித்து ஒரு பிள்ளையாவது பிழைக்கும், கோபிக்காதே.

சிவப்பு மையோடு உட்காருவாய், தெரியும். கமாக்களை விட்டுவிடு, தாயே.

அக்னெஸ்

ஹாங்காங், 30 செப்டம்பர் 2018

அக்னெஸ்,

நீ அனுப்பியது வருமுன்பே உன் புத்தகம் என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஹொய்-யிங்கின் வகுப்பில் அது பாடம். நாற்பதாம் பக்கத்தில் என் கடிதத்தின் வரிகள் அப்படியே இருக்கின்றன. என்னுடையவை என்பதால் அங்கே மட்டும் பிழையில்லை.

இரவுச் சாப்பாட்டில், மீன் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தாள்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

நீயே கற்பனை செய்தாய் என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்கு வராது.

"அக்னெஸிடம்."

"என் பிரெண்டு இதைப் படிச்சிட்டு, 'ச்சீ, செத்தவங்க குடுவையிலயா? என்ன ஜென்மம்டீ இவ'ன்னு சிரிச்சா. நானும் சேர்ந்து சிரிச்சேன் பெரியம்மா. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

பதினேழு மாதமாக அவள் அந்த மருந்தைத் தொடவில்லை. ஆலோசகரிடம் எந்நேரமும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். நேற்றுக் காலை நான் செருப்பு மாட்டியபோது, தனியாகப் போவதாகச் சொன்னாள்.

"வெளியே உட்கார்ந்திருக்கிறேனே" என்றேன்.

"வேணாம். அதையும் எழுதிடுவீங்க."

போனாள். மாலை திரும்பி வந்தவளிடம் எங்கே போனாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

நீ நாவலாசிரியை; உன் வேலையைச் செய்தாய். கிழிக்கச் சொன்னதைப் பத்திரப்படுத்தினாய். ஆனால் வாக்கை முதலில் மீறியவள் நான். அதற்கு உன்னைத் துணைக்கு அழைக்கமாட்டேன்.

ஐம்பத்திரண்டு வருடம் உனக்கு எழுதியிருக்கிறேன். இன்று ஹொய்-யிங்கை எதிரில் உட்காரவைத்து இதை எழுதுகிறேன். முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். உறையை அவள் ஒட்டட்டும். இதன்பின் உனக்கு எழுதமாட்டேன்.

திருமதி மோனிக்கா யிப்