பிரின்ஸ் சார் நிறுத்தி நிறுத்திப் போட்ட வீடியோ

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு அப்பு அமலனுக்கு,

அம்மா எழுதுவது. மாதா காவலில் இங்கே நான், அப்பா, ரோஸ்மேரி மூவரும் சுகம். போபாலில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும், அதைத்தான் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுவாய், குரலில் பேசி அனுப்பினால் கேட்கவே மாட்டாய். காகிதம் என்றால் கையில் கிடக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆக வேண்டும். அப்பாவுக்கு விதைக் கடையில் நாள் முழுக்க நின்று முழங்கால் வீங்கியிருக்கிறது, தைலம் போட்டுவிட்டால் போதும் என்கிறார், டாக்டரிடம் போகச் சொன்னால் என் மேலே எரிந்து விழுகிறார். அடுப்படிக் கூரையில் மறுபடியும் ஒழுகுகிறது. சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கினேன், நீ இல்லாமல் பாதி கறுத்துப்போய்விட்டது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, ராத்திரியில் யார் பைக்கிலும் ஏறாதே, சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. நீ ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் செய்ய மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போனதிலிருந்து ஒரு தடவைகூட உன் முகத்தைப் போனில் காட்டவில்லை. சிக்னல் இல்லை என்பாய், கேமரா உடைந்துவிட்டது என்பாய், பேசினாலும் 'ம்' தவிர ஒன்றும் வராது. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே டிகிரிப் பரீட்சை எழுதியவள் நான். உன் மூஞ்சியைப் பார்த்தே காய்ச்சலைக் கண்டுபிடிப்பேன். அந்த மூஞ்சியை ஏன் மறைக்கிறாய் என்று நினைத்து நினைத்து, ஏதாவது கெட்ட பழக்கமோ, யாராவது அடித்துவிட்டார்களோ என்று என்னென்னவோ கற்பனை செய்து செத்துப் பிழைத்தேன். காரணம் நம் ஊரிலேயே, உன் பழைய பள்ளியிலேயே, ஒரு லேப்டாப்பில் இருந்திருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது.

ரோஸ்மேரி இப்போது நீ படித்த அதே எட்டாம் வகுப்பு, அதே பிரின்ஸ் சார்தான் அறிவியல். ஒருநாள் வந்தவள் பையை வீசிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கெஞ்சிக் கேட்டதற்கு, அண்ணன் வீடியோவை இன்றைக்கு கிளாஸில் போட்டார்கள் என்று அழுதாள். உனக்கு நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது. பிள்ளைகளே பாடத்தை வீடியோ எடுத்து வர வேண்டும், அதை வைத்துத்தான் வகுப்பு நடத்துவேன் என்று பிரின்ஸ் சார் புதிதாக ஆரம்பித்திருந்தார். உனக்குச் சரிவிகித உணவு என்ற பாடம் கிடைத்தது. நம் அடுப்படியில் எடுத்தோம், நான்தான் போனைப் பிடித்தேன். சோற்றில் மாவுச்சத்து, பருப்பில் புரதம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் வைட்டமின் என்று நீ கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். பாடம் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. அந்த ஆள் என்ன செய்தார் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லையே அப்பு. வெஞ்சனம் என்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தி, திருப்பிப் போட்டு, மறுபடி நிறுத்தி, வெஞ்சனமாம் வெஞ்சனம், எந்தக் காட்டுலருந்து வந்திருக்கு இது, பாடப் புத்தகத்துல எங்கயாச்சும் இருக்கா, என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குச் சிரித்த அத்தனை பிள்ளைகளின் டிபன் பாக்ஸிலும் வெஞ்சனம்தான் இருந்திருக்கும். அதிலிருந்து உன் பெயரே அதுவாகிப்போயிற்றாம். அதோடும் விடவில்லை. வீடியோ எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக வருஷா வருஷம் புதிதாக வரும் எட்டாம் வகுப்புக்கு உன் முகத்தைத்தான் திரையில் நிறுத்துகிறார். நீ பள்ளியை விட்டு, ஊரை விட்டு, மாநிலத்தையே விட்டுப் போன பிறகும் நீ அங்கே வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருக்கிறாய், பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். விடு மரியசெல்வி, பிள்ளை இன்னும் அங்கதான படிக்குது, வாத்தியாரப் பகைச்சுக்கிட்டு என்ன செய்யப்போற, என்றார். நானும் விட்டுவிடுவதாகத்தான் சொன்னேன். மனசுக்குள் விடவில்லை. அந்த ஆளை அவர் நிறுத்தி வைத்த அதே இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பாத்திரம் தேய்க்கும்போதும் நினைத்தேன், பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதும் நினைத்தேன், அதைப் பாவமாக நினைத்துப் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் இல்லை. அதற்கேற்ற மாதிரி அவரே வழி செய்துகொடுத்தார். தன்னுடைய இந்த வீடியோ முறையைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள், பெற்றோரும் வர வேண்டும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வீட்டு மதியச் சாப்பாட்டில் என்ன சத்து இருக்கிறது என்று எடுத்து வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. இதில் ஆசிரியர் கை வைக்கவே மாட்டார், எடுப்பது, சேர்ப்பது, போடுவது எல்லாம் மாணவர்களே என்று பெருமையாக வேறு எழுதியிருந்தார்.

நான் பள்ளி வாசலில் நின்று ஒவ்வொரு அம்மாவாகப் பிடித்தேன். கீர்த்தனாவின் அம்மா முத்துப்பேச்சி, தோட்டத்திலிருந்து கத்திரிக்காய் கொண்டுவருவாளே, அவளிடம் உன் கதையைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெஞ்சனத்த வெஞ்சனம்னு சொல்லாம வேற என்னத்தன்னு சொல்றதாம், அந்தாளு வீட்டுல வெறுஞ்சோத்தயா திங்கிறாரு, என்று கேட்டாள். ஹுஸ்னாவின் அம்மா ரஃபியா அக்கா, நாங்க ஆணம்னுதான் சொல்லுவோம், போனாப் போகுது, ஒம் மகனுக்காக ஒருநா வெஞ்சனம்னே சொல்லச் சொல்றேன், என்றார். நான் கேட்டது அவ்வளவுதான். பாடம் சரியாக இருக்கட்டும், சத்தின் பெயர் எல்லாம் புத்தகப்படி இருக்கட்டும், அந்த ஒரு சொல் மட்டும் ஒவ்வொரு பிள்ளை வாயிலும் வர வேண்டும்.

இன்னொன்றும் செய்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிரின்ஸ் சாரின் மகன் டோனியும் ரோஸ்மேரி வகுப்புதான். அவன் எடுத்த வீடியோவில் நடுவில் அவன் அப்பா குரல் விழுந்துவிட்டது, அதை வெட்டிக் கொடு என்று ரோஸ்மேரிக்கு அனுப்பியிருந்தான், அவள்தான் போனில் வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்காரி. அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அந்தக் குரலை நான் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டேன். வெட்டாதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிவிடு என்றேன். ஒரே ஒரு பொய், சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை.

அதிகாரிகள் வந்த அன்றைக்குக் கூடம் நிறைய ஆட்கள். முதலில் பிரின்ஸ் சார் மைக்கைப் பிடித்து, ஆரம்பத்தில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் பாருங்கள், நான் எப்படி மாற்றியிருக்கிறேன் பாருங்கள் என்று சொல்லி உன் வீடியோவைத்தான் போட்டார். அதே இடத்தில் நிறுத்தினார். அதிகாரிகள் மரியாதைக்குச் சிரித்தார்கள். நான் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹுஸ்னா லேப்டாப்பில் உட்கார்ந்து வரிசையாகப் போட்டாள். எங்கள் வீட்டில் இன்று வெஞ்சனம் முருங்கைக்கீரை, இரும்புச்சத்து. எங்கள் வீட்டில் வெஞ்சனம் கத்திரிக்காய். எங்கள் வெஞ்சனம் முட்டை. நாலைந்து வந்ததும் பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், நிறுத்தவும் முடியவில்லை, ஆசிரியர் கை வைக்க மாட்டார் என்று அவர்தானே சொல்லியிருக்கிறார். அப்புறம் டோனி வந்தான். அவன் புரதம் என்று ஆரம்பித்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அவன் அப்பா குரல், வயக்காட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி: ஏலே டோனி, செத்த நேரம் அந்தப் போனக் கீழ வையி, உங்கம்மாட்ட என்ன வெஞ்சனம்னு கேளு, நேத்து மாதிரி அப்பளத்தப் பொரிச்சு வச்சிருந்தா எனக்குச் சோறு எறங்காதுன்னு சொல்லு! கூடமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. ஹுஸ்னா இருக்கிறாளே, அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அங்கேயே வீடியோவை நிறுத்தி, ரொம்பப் பணிவாக எழுந்து, பின்னாடி உள்ளவங்களுக்குக் கேக்கலயாம் சார், திருப்பிப் போடவா, என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வதற்குள் போட்டும்விட்டாள். அப்பு, அந்த ஆள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, வயிறு அப்படி நிறைந்திருந்தது.

பெற்றோர் பேசலாம் என்றதும் எழுந்தேன். முதலில் போட்ட வீடியோவில் இருக்கும் பையனின் அம்மா நான், அவன் சொன்ன பாடத்தில் என்ன தப்பு என்று சார் சொல்லட்டும், அவன் முகத்தை வருஷா வருஷம் போடுவதற்கு அவனிடம் கேட்டாரா, எங்களிடம் கேட்டாரா என்பதையும் சொல்லட்டும் என்றேன். வந்திருந்த அதிகாரி அம்மா அவர் பக்கம் திரும்பி, கேட்டீங்களா சார், என்றார். சார் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்.

டோனியைப் பற்றிக் கேட்பாய். அவன் அன்றைக்குச் சிரித்தான், ஆனால் இப்போது அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. நீ கூப்பிட்டாய் என்று தெரிந்தால் வாயில் மிளகாயைத் தேய்ப்பேன் என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் அம்மா ஜோஸ்பின் கோயிலில் என்னைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். இழுத்துக்கொள்ளட்டும்.

நேற்று சாயங்காலம் பிரின்ஸ் சார் வீட்டுக்கே வந்தார். அப்பா நாற்காலி போட்டார், நான் காபி போடவில்லை, அப்பாவே நொண்டிக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுத்தார். லேப்டாப்பைத் திறந்து என் கண்முன்னால் உன் வீடியோவை அழித்தார், எங்கெங்கே வைத்திருந்தாரோ அத்தனை இடத்திலும். வெளையாட்டுக்குத்தாம்மா செஞ்சேன், இம்புட்டுத் தூரம் அவன் மனசுல போயிருக்கும்னு நெனைக்கல, என்றார். எனக்கு எதிரே உட்கார்ந்து என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, விளையாடியது என்னோடு இல்லையே என்றேன். அமலன் நம்பர் குடுங்க, நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கிறேன், என்றார். கொடுத்தேன்.

கேமராவைப் போடச் சொல்லி இனிமேல் உன்னைக் கேட்க மாட்டேன், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போடு. மாதா உன்னை நிழலாக நின்று காக்கட்டும், உன் படிப்பும் பேச்சும் தழைக்கட்டும், யார் முன்னாலும் நீ தலை குனியாமல் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். அப்பா ஆசி சொல்லச் சொன்னார், ரோஸ்மேரி முத்தம் அனுப்பியிருக்கிறாள். மறக்காமல் ஒன்று: புது நம்பரிலிருந்து அழைப்பு வரும், அது அவர்தான். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம், இதில் நான் தலையிட மாட்டேன். என்னைக் கேட்டால், கொஞ்ச நாளைக்கு மணி அடிக்க விடு. காதில் வைத்துக்கொண்டு, பையன் எப்போது வாயைத் திறப்பான் என்று அவர் காத்துக்கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகத்துக்காகக் காத்திருக்கும் அம்மா,
அ. மரியசெல்வி.