அப்பாவின் வலது கை

காஜா பேராங், மலாக்கா
செப்டம்பர் 1959

அன்புள்ள ஜெயா,

நீ கேட்டது சரி, அப்பாவுக்கு வலது கைதான். வீக்கம் வடிந்துவிட்டது, தோல் மட்டும் இன்னும் கறுத்திருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டும், பாதி உண்மை. லண்டன் குளிரில் நீயாவது முழுச் சுகமாக இரு.

கல்லடைப்பு வலியில் அப்பா துடித்தபோது அவசரப் பிரிவில் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பிறகு சிறுநீரகத்தைப் படம் பிடிக்கச் சாய மருந்து, அதே ஊசி வழியாக. தள்ளுவண்டியில் போகும்போது ஊசி நரம்பை விட்டு நகர்ந்திருக்கிறது. எரிகிறதா என்று டாக்டர் கேட்டாராம், அப்பா பரவாயில்லை என்றாராம். பஸ் வராவிட்டாலும் சோறு குழைந்தாலும் அவருக்கு அதே சொல்தானே. நிறுத்தியது நூர்ஜஹான், உன்னோடு படித்தாளே, மளிகைக்கடை முகைதீன் மகள், இப்போது அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் மிஸ்ஸி, நர்ஸ். 'பரவாயில்லைன்னா கை ஏன் மாமா இப்படி உப்புது?' என்றாளாம். படம் கெட்டது. கை பிழைத்தது. அவள் சொல்லித்தான் இப்போது அவசரத்தில் போட்ட ஊசியை நம்பாமல், முதலில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தள்ளி, கையைத் தொட்டுப் பார்த்த பிறகே சாயம். நீ நர்ஸாக இருக்கும் லண்டன் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் என்று நீயும் எழுதியிருந்தாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'நம்ம நூரு இதை அன்னிக்கே சொல்லிருச்சே' என்றார்.

நம்ம நூரு. எனக்கு எரிந்தது ஜெயா. உன் கை இருக்கவேண்டிய இடத்தில் அவள் கை. அதுகூட இல்லை. இத்தனை வருடம் கூட இருந்தும் அந்தப் பரவாயில்லைக்குள் வலி இருப்பது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. அவள் கொண்டுவந்த ரொட்டியை வாங்கி வைத்தேன், உட்காரச் சொல்லவில்லை. நாளை மறுபடி படம். 'நீ வீட்டுல இரு சாரதா, நூரு இருக்கே' என்கிறார். நீயும் அங்கே யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு நூருவாக இருப்பாய். அவர் மனைவி வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடு.

கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. நோயில்லாமல், மனக்குறை இல்லாமல் நீ வாழவேண்டும்.

உன் அம்மா
சாரதாம்பாள்

காலையில் இதைத் தபாலில் சேர்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே வரலாமா என்று நூர்ஜஹானைக் கேட்டேன். 'அந்தப் பக்கம் கையைப் புடிங்க மாமி' என்றாள். இடது கையில் உப்புத் தண்ணீர் போனது. அப்பா பரவாயில்லை என்றார். என் பிடியில் அவர் வலது கை விரல்கள் இறுகின. நிறுத்தச் சொன்னேன். அவள் ஊசியை எடுத்து வேறு நரம்பில் குத்தினாள்.