அந்தச் செவ்வந்தி நான் போட்டது

இன்றைக்குப் பேத்திக்குக் கடலைமிட்டாய் வாங்கப் போன கடையில், கல்லாவுக்கு மேலே நம் அம்மன் படம். அறுபதுகளில் அச்சான அதே காலண்டரைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். "உங்க வீட்டுக்காரர் வரைஞ்சதுல்லா ஆச்சி! காலடியில கெடக்க பூவப் பாருங்க, தெய்வக் கை!" என்றான் கடைக்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

அம்மன் முகம் உங்களுடையது, மறுக்கவில்லை. அந்தச் செவ்வந்தி? அடுப்படி வேலை முடிந்து, எண்ணெய் வண்ணத்தைக் கத்தி முனையில் அள்ளி, இதழ் இதழாக அப்பியது நான். "பூவெல்லாம் நீ போடு, எனக்குப் பொறும இல்ல" என்று சொன்னது நீங்கள்தானே? கரிசல் புழுதி ஒட்டாமலிருக்க உங்கள் வேட்டியைக் கட்டி மறைத்து வைப்பேன். அவ்வளவு கனமாக அப்பினால் மேலே தோல் கட்டும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

படத்தைப் பார்க்க அச்சாபீஸ் முதலாளி வீட்டுக்கு வந்தார். "வே, பூவப் பறிச்சுத் தலையில வைக்கலாம் போல இருக்கே! உம்ம கையா?" தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் அம்மன் அருள் மொதலாளி" என்றீர்கள். கதவுக்குப் பின்னால் காப்பித் தம்ளரோடு நின்றேன். அவர் பக்திமான், சும்மா இருப்பாரா? அம்மன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செவ்வந்தி நசுங்கி, இமையெல்லாம் மஞ்சள். "என்னவே இது!" என்று அவர் கத்த, நீங்கள் சொன்னீர்களே ஒரு வார்த்தை: "பூ மட்டும் வீட்டுல அவ போட்டது மொதலாளி. பொம்பள வேல, அதான் இப்படி."

அடப்பாவி மனுஷா! புகழ் வந்தால் அம்மன், பழி வந்தால் நானா?

அவர் போனதும், "ஏட்டி, பூவ மட்டும் சரி பண்ணிக் குடுத்துரு" என்று குழைந்தீர்கள். சரி பண்ணினேன். உங்களுக்காக இல்லை, அம்மன் காலடியை அப்படி விட மனசு வரவில்லை. படம் ஊரெல்லாம் தொங்கியது, மூலையில் உங்கள் பெயரோடு. அதற்கப்புறம் சாகும்வரை, பூவைப் புகழ்ந்த ஒருத்தரிடமாவது "அவ போட்டது" என்று சொன்னீர்களா?

இந்தக் கோபத்தைத் தூக்கிப்போட எனக்கு விருப்பமில்லை. இப்போதும் வரைகிறேன். பூவைக் கனமாகவே அப்புகிறேன். மூலையில் என் பெயரை அதைவிடக் கனமாக அப்புகிறேன். எவர் தொட்டாலும் முதலில் என் பெயர்தான் விரலில் ஒட்டும்.