ஆர்வோவின் ஓட்டும் என் ஓட்டும்

அக்டோபர் 3, திங்கள்

காலை வானொலியில் நான் நடத்தும் பேச்சு நிகழ்ச்சிக்கு இன்று பெட்ரோல் விலையை எடுத்துக்கொண்டேன். நம் காலடியிலேயே எண்ணெய் இருக்க, கடல் தாண்டிக் கையேந்துகிறோம். இங்கே இரும்பு தோண்ட அனுமதி கேட்டாலோ, தவளைக்குத் தூக்கம் கெடுமா என்று தலைநகரத்தில் குழு போட்டு ஆராய்கிறார்கள் என்றேன். சொல்லி முடிக்கவில்லை, ஆர்வோ போனில் வந்துவிட்டான். காலமெல்லாம் சுரங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் ஊறியவன். என்னை மறுத்துப் பேசவே கண் விழிப்பவன்.

"உன் மூளையைத் தோண்டுறதுக்கு யார்கிட்டடா அனுமதி வாங்கணும், லைல்?" என்றான். ஊரே சிரித்திருக்கும். குரல்தான் கரகரவென்று இருந்தது. சளியாம்.

அக்டோபர் 8, சனி

ஆர்வோ வீட்டு நீராவி அறையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே அரசியல் பேசக் கூடாது என்பது இந்த ஃபின்லாந்துக்காரர்களின் சட்டம். அதனால் சும்மா வியர்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னான். சளி இல்லையாம், தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்கிறார்களாம்.

"இனிமே உனக்குக் கொண்டாட்டம்தான்" என்றான். சூடேறிய கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 21, வெள்ளி

அடுத்தவன் போருக்கு அள்ளிக் கொடுக்கிற அரசு நம் ஊர்ப் பாலத்தைச் சீர்செய்யாதா என்று கேட்டேன். ஆர்வோ போனில் வந்தான். சண்டைக்கு இல்லை. "நாளன்னிக்கு என்னை ஆஸ்பத்திரியில சேர்க்கிறாங்க. இனி இவன் சொல்றதுக்கெல்லாம் நீங்களே பதில் யோசிச்சுக்குங்க" என்று நேயர்களிடம் சொல்லி வைத்துவிட்டான்.

விளம்பரத்தைப் போட்டேன். இரண்டு தடவை.

அக்டோபர் 28

அறுவைச் சிகிச்சை முடிந்தது. பிழைத்துக்கொள்வான் என்கிறாள் அவன் மனைவி ஐலீ. குரல் போனது போனதுதான்.

நிகழ்ச்சி உப்பில்லாக் கஞ்சி. ஆமாம் லைல், சரி லைல், நீங்க சொல்றதுதான் சரி லைல். ஒருவனுக்காவது கோபம் வருகிறதா?

நவம்பர் 7, திங்கள்

நாளை தேர்தல். தபால் ஓட்டெல்லாம் ஓட்டா? மனிதன் என்றால் எழுந்து, நடந்து, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டும் என்று இன்றும் முழங்கினேன்.

வழக்கமாக நானும் ஆர்வோவும் ஒரே வண்டியில்தான் போவோம். எதிரெதிர்க் கட்சி என்பதால் அவன் ஓட்டை என் ஓட்டு அடிக்கும், என்னுடையதை அவனுடையது; கணக்கு நேராகிவிடும். பிறகு ஆப்பிள் பை தின்போம். இந்த முறை அவன் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் குழாய் மாட்டிக் கிடக்கிறான். என் ஓட்டை அடிக்க ஆள் இல்லை.

நவம்பர் 8, செவ்வாய்

ஓட்டுப் போடவில்லை. ஓட்டுப் போடும் மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்து, திரும்பி வந்துவிட்டேன்.

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்றாள் என் மனைவி வெர்னா.

"படுத்துக் கிடக்கிறவனை அடிக்கிறது ஒரு வெற்றியாடி?" என்றேன். அவள் வந்து தலையில் முத்தம் கொடுத்தாள். கட்டி இத்தனை வருஷமாகியும் இவளைக் கணிக்க முடியவில்லை.

நவம்பர் 9

மாவட்ட சபைக்கு நின்ற எங்கள் கட்சி வேட்பாளர் டுவேன் தோற்றான். ஒரே ஓட்டில். ஐயோ கடவுளே, ஒரே ஓட்டில்! நான் போட்டிருந்தால் சமமாகிச் சீட்டுக் குலுக்கியிருப்பார்கள்.

நிகழ்ச்சிக்கு டுவேனே போனில் வந்து அழுதான். "எந்தச் சோம்பேறி வீட்ல உக்காந்திருந்தானோ" என்றான். வானிலை அறிக்கைக்குத் தாவினேன்.

நவம்பர் 12, சனி

டுலூத். ஆர்வோ பாதியாகிவிட்டான், கழுத்தில் மூச்சு விட ஒரு துளை. அவனுக்காக ஓட்டுப் போடாமல் இருந்ததைச் சொல்லிவிட்டேன். கண் இமைக்காமல் கேட்டான். ஐலீயிடம் சிலேட்டை வாங்கி எழுதினான்.

"கழுதை. என் ஓட்டை ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே தபால்ல போட்டாச்சு."

ஐலீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தபாலில்! நான் மதிக்கிற ஒரு மனிதன் அப்படிச் செய்வான் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, மண்டு.

அழித்துவிட்டு மறுபடி எழுதினான்: "எனக்காகவா?"

நான் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தேன். அவன் என் கையைப் பிடித்தான். விடவில்லை.

நவம்பர் 14, திங்கள்

வானொலியில் எல்லாவற்றையும் சொன்னேன். டுவேன் நேரில் வந்து கத்தினான். கத்தட்டும், அவனுக்கு உரிமை உண்டு. துரோகி என்றார்கள் சிலர். கட்சி பெரிது, கொள்கை பெரிது, நானே காலமெல்லாம் சொன்னதுதான். ஆனாலும் மனிதன் மனிதனுக்குக் காட்டும் நியாயம் இல்லாமல் நாங்கள் எதைக் கட்டிக் காக்கிறோம்? தெரியவில்லை. மறுபடியும் இப்படியே செய்வேனா? செய்வேன். முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன்.

டிசம்பர் 12, திங்கள்

நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிக்கு இன்று முதல் நாள். ஆர்வோ கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தான். வரியைக் குறைக்கச் சொல்லி நான் பேசினேன். அவன் எழுதித் தள்ளினான். அதை நானே படிக்க வேண்டும். வேண்டுமென்றே சுரத்தில்லாமல் படித்தேன், மேஜையில் அடித்தான். சரி என்று மறுபடியும் படித்தேன், இந்த முறை அவன் கோபத்தோடு, அவன் கிண்டலோடு.

நான் இடதுசாரி ஆகிவிட்டேன் என்று மூன்று பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள். நான்காவதாக ஒரு கிழவி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஆர்வோ இன்னிக்கு நல்லாப் பேசினான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.