படையலில் வைத்த திராட்சை வாசனை

அத்லிஸ்கோ,
நவம்பர் 6

அன்பு மகன் எவரார்தோவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர நான் நலம், நீயும் நலமென்று உன் மூச்சைப் பக்கத்திலிருந்து கேட்டால்தான் நம்புவேன். போன ஞாயிறு போனில் பேசும்போது ஐந்து தடவை இருமினாய், கேட்டால் ஜலதோஷம் என்றாய். நியூயார்க் போகிற பார்சல்காரரிடம் மொலே குழம்புக்கான மிளகாய் விழுதும் ரொட்டியும் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதம் டப்பாவுக்கு அடியில் இருக்கும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், அது பொங்கி வழிகிறது.

இறந்தோர் நாளுக்கு அப்பாவுக்குப் படையல் வைத்தேன். அவர் படம், சாமந்தி, மொலே, வழக்கம்போல ஒரு பெட்டி சிகரெட். அந்தச் சிகரெட்தான் அவர் நெஞ்சை அரித்துக் கொண்டுபோனது, ஆனாலும் போனவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே என்று நாலு வருஷமாக வைக்கிறேன். கோடையில் நீ வந்தபோது சிகரெட்டை விடட்டும் என்று எலிசெயோ சித்தப்பாவுக்கு ஒரு வேப், பேட்டரியில் ஆவி விடுகிற அந்த மின் சிகரெட், கொடுத்தாயே, அன்றிலிருந்து அது அவர் கையை விட்டு இறங்குவதில்லை. படையலுக்கென்றே புதிதாக ஒன்று வாங்கி வந்து படத்துக்கு முன்னால் வைத்தார். அண்ணனும் கொஞ்சம் ருசி பாக்கட்டும் அண்ணி, இதுல இருமலே வராது என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பக்கத்து வீட்டு ஒப்துலியா, சித்தப்பா சிகரெட்டோடு வந்தால் கோழியை விரட்டுவதுபோல் முற்றத்துக்கு விரட்டுகிறவள், அவளே மோந்து பார்த்து, அட திராட்சை மிட்டாய் வாசனை, இது புகையா என்ன, வெறும் ஆவிதானே என்றாள்.

மூன்றாம் தேதி படையலைக் கலைத்து, எப்போதும்போல் வீட்டுக்கு வீடு கூடை போட்டேன். ரொட்டி, கொய்யா, கரும்பு, சர்க்கரையில் செய்த மண்டையோடு. கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஊதா நிறத்தில் பளபளவென்று இருந்ததை ஏதோ மிட்டாய் என்று நினைத்து ஒப்துலியா வீட்டுக் கூடையில் போட்டேன், என் கையாலேயே போட்டேன். அது சித்தப்பா படையலில் வைத்த வேப். அவள் மகள் மாய்ராவுக்கு ஒன்பது வயது. குழந்தை அதை இழுத்து இழுத்து வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, தலை நிற்காமல் துவண்டுவிட்டாள். தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டாள், கடவுள் கண் திறந்தார்.

நான் ஒப்துலியா காலில் விழாத குறைதான். அவளோ, விடுங்க எவுலாலியா, திராட்சைதானே, சிகரெட்டா குடிச்சா என்கிறாள். சித்தப்பா, இனிமே பாப்பா உஷாரா இருப்பா அண்ணி என்று சொல்லிக்கொண்டே அடுத்த இழுப்பு இழுக்கிறார். யாருக்கும் மனசு பதறவில்லை, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று தோன்றுகிறது. இந்த வேப்பை விற்கவே கூடாது என்று சட்டமாம், பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்குகிறது. இதை இழுக்க உனக்கு யாரடி சொல்லிக் கொடுத்தது என்று மாய்ராவைக் கேட்டேன். எவரார்தோ அண்ணன் பண்றதப் பாத்தேன் அத்தை, நீங்களும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோடை முழுக்க என் சமையலறையில் நின்று ஊதினாய், நல்ல வாசனையாக இருக்கிறதே என்று சொன்னவள் நான். உன் அப்பாவைத் தினமும் திட்டினேன், உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் ஜலதோஷம் என்றுதான் ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் படையலில் சிகரெட்டும் கிடையாது, அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீ டாக்டரிடம் நெஞ்சைக் காட்டு, காட்டிவிட்டு எனக்குப் போன் செய். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். மொலேயை இளஞ்சூட்டில் கிளறு, அடி பிடிக்கும். மாதா உனக்குத் துணை இருக்கட்டும், உன் ஆயுள் கெட்டியாக இருக்கட்டும். படையல் மேஜை சின்னதென்று உனக்கே தெரியும், அப்பா படத்துக்குத்தான் அதில் இடம். இன்னொரு படம் அதில் வைக்க மாட்டேன் மகனே.

உன் அம்மா,
எவுலாலியா