மூடியில்லாத பேனா

விழுப்புரம்
20-2-1962

அன்புள்ள ராஜமதிக்கு,

நலம். மணியார்டரில் பதினைந்து ரூபாய் அனுப்பியிருக்கிறேன். பள்ளிச் சம்பளம் கட்டியது போக மீதியை அம்மாவிடம் கொடு. மண்டியில் மல்லாட்டை மூட்டை வரத்து அதிகம். கணக்கு எழுதவே பொழுது போதவில்லை. இப்போது வர இயலாது. பரீட்சைக்குப் படி.

இப்படிக்கு,
குணபத்திரன்

*

அருகன் துணை

திண்டிவனம்
5-3-1962, திங்கள்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ராஜமதி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இதற்கு நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதவேண்டும். தபாலில்தான் எழுதவேண்டும், யார் கையிலும் கொடுத்தனுப்பக்கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

இன்று நான் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருவர் வந்தார். பெயர் வேங்கடேசன், பேங்கி ஆள் என்றார். "நயினாரம்மா, உங்க வூட்டுக்காரரு லெட்டர் குடுத்து அனுப்பிச்சாரு" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். அம்மா படிக்கச் சொன்னாள்.

கிணற்றுக்கு மோட்டார் போட இரண்டாயிரம் ரூபாய் கடன் ஏற்பாடு செய்திருப்பதாக அதில் இருந்தது. நமக்கு மிஞ்சியிருக்கும், அம்மா பேரில் உள்ள ஒரு காணியின் பத்திரத்தை வந்தவரிடம் கொடுக்கவேண்டுமாம். அவர் கொண்டுவந்த முத்திரைத்தாளில் அம்மா கைநாட்டு வைத்து, செலவுக்கு முப்பது ரூபாயும் தரவேண்டுமாம். கடன் கைக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுவீர்களாம்.

கடைசியில் இப்படி இருந்தது: "இரவில் இலையின் முன் உட்கார்ந்தால் முதல் கவளம் இறங்குவதில்லை. ராஜமதி இந்நேரம் படித்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு விளக்கைத் தூண்டிவிட யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்."

அம்மா மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துவந்தாள். வந்தவர் மைப்பெட்டியைத் திறந்தார். முத்திரைத்தாளில் ஒரு எழுத்துகூட இல்லை, அப்பா.

"ஜல்தியா வைம்மா. இன்னையோட தேதி முடியுது. அப்புறம் என்னைப் பேஜாரு பண்ணாதீங்க" என்றார்.

அம்மாவின் கட்டை விரலில் மை ஏறிவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவிடமிருந்து தபாலில் பதில் வரட்டும் என்றேன்.

அவர் சிரித்தார். "படிக்கிற பொண்ணுதானே நீ? அப்பன் கையெழுத்து தெரியல?"

தெரிந்தது, அதுதான் எனக்குப் பயம். அது உங்கள் கையெழுத்தேதான். ஆனால் பொழுது சாய்ந்தபின் நம் ஜைன வீடுகளில் யார் இலை போடுவார்கள்? தூரத்தில் ஒரு வீட்டில் விளக்கு தெரிந்தால்கூடப் பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்தவர் நீங்கள். அந்த ஒரு வரியால்தான் நான் கையைப் பிடித்தேன்.

கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். அதற்குள் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன் என்று போனார். இன்றோடு முடிகிற தேதி சனிக்கிழமை வரை எப்படி நீண்டது? சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். கறுப்புப் பேனாவுக்கு மூடியில்லை. அது கசிந்து பையில் அவரை விதை அளவுக்குக் கறை இருந்தது.

 அம்மா விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "வர்றேன்னு எழுதியிருக்காரு. நீ தடுத்துட்டே" என்றாள். 

இரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் சிநேகிதருக்காக வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு, இரண்டு காணி போனது. அன்று அம்மா கோபத்தில் ஒரு சொல் சொன்னாள், நீங்கள் போய்விட்டீர்கள். அதனால்தான் வெற்றுத்தாள் என்றாலே எனக்குப் பயம். ஆனால் இந்தக் கடிதம் நிஜம் என்றால், உங்களை வரவிடாமல் செய்தவள் நான்தானே?

பொய் என்று நினைத்துக்கொண்டே கடைசி இரண்டு வரியை நாலு தடவை படித்தேன், அப்பா. நீங்கள் எனக்கு அப்படி எழுதியதே இல்லை.

உங்கள் மகள்,
ராஜமதி

*

விழுப்புரம்
7-3-1962

அன்புள்ள ராஜமதிக்கு,

நீ செய்தது சரி. அந்தக் கடிதம் நான் எழுதியதல்ல. அம்மாவிடம் இதை முதலில் படித்துக் காட்டு.

வந்தவன் பெயர் வேங்கடேசன் இல்லை. என் அறையில் கூடத் தங்கியிருந்த கிருஷ்ணசாமி. திங்கள் முதல் அவனைக் காணோம். மூடியில்லாத அந்தப் பேனா என்னுடையது. மூடி மட்டும் இங்கே ஜன்னலில் கிடக்கிறது. முதலாளியோடு போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை தாண்டவராயன் மாமாவைக் கூட இருக்கச் சொல்.

பத்திரத்தை யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே. என் பெயரைச் சொன்னாலும், என் கையெழுத்தைக் காட்டினாலும் சரி. எழுதாத தாளில் அம்மா விரல் படவே கூடாது. கடன் கொடுக்கிறவன் முதலில் நம்மிடம் பணம் கேட்கமாட்டான். அவசரப்படுத்துகிறவனை வாசலிலேயே நிறுத்து. இதெல்லாம் இரண்டு காணி கொடுத்து நான் கற்றது.

இன்னொன்று. எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

உனக்கு எழுதித் தபாலில் போடாத கடிதங்கள் பதினொன்று என் பெட்டியில் இருந்தன. உன் கடிதம் வந்ததும் எண்ணிப் பார்த்தேன். ஏழுதான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத்தான் அவன் என் எழுத்தைப் பழகியிருக்கிறான். நீ நாலு தடவை படித்ததாகச் சொன்ன வரிகள் அவன் கற்பனை அல்ல. தை மாதத்தில் நான் எழுதியவை; 'நீ' என்று இருந்ததை 'ராஜமதி' என்று மாற்றியது மட்டும் அவன் வேலை.

வண்டிகள் வந்து எடை முடிய விளக்கு வைத்துவிடுகிறது. பட்டினி கிடந்து பார்த்தேன், உடம்பு கேட்கவில்லை. ஒரு வருஷமாக இருட்டிய பிறகுதான் சாப்பிடுகிறேன். இதை அம்மா காதுபட நீ படிப்பாயே என்றுதான் அந்தத் தை மாதக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நிலத்தைத் தொலைத்தவன் நியமத்தையும் தொலைத்தான் என்று அவள் நினைத்தால் நான் எந்த முகத்தோடு வருவேன்?

அவன் கொண்டுவந்த கடிதம் பொய், ராஜமதி. அந்த இரண்டு வரி மட்டும் என்னுடையது.

அப்பா

*

அருகன் துணை

திண்டிவனம்
11-3-1962, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை உங்கள் பேனாவால் எழுதுகிறேன். கசிகிறது, கறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அவன் வந்தான். அம்மா வாசற்படியிலேயே நின்றாள். தாண்டவராயன் மாமா உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்தார்.

"இன்னாம்மா, பதில் வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு. கைநாட்டு எதுக்கு, கையெழுத்தே போடறேன். அந்தக் கறுப்புப் பேனாவக் குடு" என்றாள் அம்மா. அம்மா கையெழுத்துப் போடுவாளா! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அவன் கொடுத்தான். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது எங்க வூட்டுக்காரரு பேனா. மூடி அவருகிட்ட பத்திரமா இருக்குது. அவரு பேரச் சொல்லிக்கினு வந்தியே, அதையும் குடுத்துட்டுப் போ."

அவன் திரும்புவதற்குள் மாமா தோளைப் பிடித்துவிட்டார். "எங்க ஓடற? தேதிதான் இன்னும் முடியலியே!" என்றார். தெருவே சிரித்தது. போலீஸ் ஸ்டேஷனில் அவன் பையிலிருந்து உங்கள் கடிதங்கள் நான்கும் கிடைத்தன. வழக்குக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். என்னைத் தொடக்கூட விடவில்லை.

மிச்சம் ஏழு உங்களிடம் இருக்கின்றன. அவற்றைத் தபாலில் அனுப்பவேண்டாம்.

உங்கள் பதிலை அம்மாவுக்கு அன்றே படித்தேன். 'விளக்கு வைத்துவிடுகிறது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டே? படி" என்றாள். முழுவதும் படித்தேன். அவள் கடிதத்தை வாங்கிப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்தாள். 

இன்று மாலை வழக்கம்போல் வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடித்தோம். பாத்திரம் கழுவும்போது, "விழுப்புரத்து வண்டி எத்தினி மணிக்கு இங்க வருது?" என்று கேட்டாள்.

ஏழேகாலுக்கு என்றேன்.

"விளக்கு வெச்சப்புறம்தான் வருவாரு" என்றாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். "வரட்டும். அவருக்கு மட்டும் சோத்த மூடி வெக்கிறேன். நாம சாப்பிட்டுட்டுப் பக்கத்துல குந்திக்கினு இருக்கலாம்."

இதை உங்களுக்கு எழுதச் சொன்னாளா என்று கேட்காதீர்கள், அப்பா. எழுதாதே என்று சொல்லவில்லை.

பேனா மூடியை மறக்காமல் எடுத்துவாருங்கள்.

உங்கள் மகள்,
ராஜமதி