நம் காற்றின் ஈரம்

பிப்ரவரி 6

அன்புள்ள கோள்காரிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதத்தில் நான்கு இடத்தில் ‘கோள்’ என்பதை ‘கோல்’ என்று எழுதியிருக்கிறாய். குச்சிக்குக் காற்று உண்டா என்று பார்க்கவா அவ்வளவு பெரிய தொலைநோக்கி? நான்கையும் அடித்துத் திருத்தினேன். “அம்மா எழுதுனத அடிக்காதீங்கப்பா” என்று குட்டி அழுதுவிட்டாள். அச்சகத்தில் செய்வதுபோல, அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன். அப்படி எழுதினால் திருத்தம் செல்லாது, பழைய சொல்லே நிற்கும் என்று சொன்ன பிறகுதான் சிரித்தாள்.

நம் வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஆறு மாதம் என்று சொல்லிப் போனாய். ஏப்ரல் முதல் தேதியைக் குட்டி காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

உன்,
பிழைதிருத்தி

மார்ச் 19

அன்புள்ள திருத்தக்காரருக்கு,

சொன்ன நாளில் கோள் தன் சூரியனுக்கு முன்னால் கடந்தது. ஐந்து மணி நேரம். அதன் விளிம்பிலுள்ள காற்றைத் தாண்டி வரும் ஒளியில் எந்த நிறம் குறைகிறதோ, அதை வைத்துத்தான் அங்கே என்ன இருக்கிறதென்று சொல்ல முடியும். நீராவி தெரிந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது, அது கோளுடையதல்ல, பூமியிலுள்ள நம் காற்றின் ஈரம். அதைச் சரியாகக் கழிக்காமல் விட்டவள் நான்தான்.

மறுபடி கடப்பது நவம்பரில். அதைச் சரிசெய்யாமல் வர மனசு வரவில்லை. குட்டியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். கோபிக்காதீர்கள்.

உங்கள்,
கோள்காரி

ஆகஸ்ட் 2

அன்புள்ளவளுக்கு,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இந்த ஒன்று. ஜூனில் குட்டிக்குக் காய்ச்சல், ஒன்பது நாள். இப்போது தேவலை. எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். காலண்டரைக் கழற்றியாயிற்று. குழாயையும் மாற்றிவிட்டேன். உன் வேலை நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா

நவம்பர் 27

அன்புள்ளவருக்கு,

இந்த முறை தவறில்லை. நீராவி அந்தக் கோளுடையதுதான். ஆனால் இதை முதலில் யாரிடம் சொல்வது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் பிடித்துவிடுகிறவள் நான். உங்கள் கடிதத்தில் குறைந்ததைக் கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து, நேற்றுதான் பார்த்தேன். ‘நம் வீடு’ என்றுதான் எப்போதும் எழுதுவீர்கள். ‘எங்கள் வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் நீங்கள் இருக்கிறீர்கள், குட்டி இருக்கிறாள், நான் இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் கை தவறியது என்று விட்டிருப்பேன்.

அந்தக் கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ‘எங்கள்’ என்பதை அடித்து, மேலே ‘நம்’ என்று எழுதியிருக்கிறேன். பதினெட்டாம் தேதி புறப்படுகிறேன். திருத்தம் சரி என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள்,
கோள்காரி

டிசம்பர் 9

அன்புள்ளவளுக்கு,

நீ கண்டுபிடித்தது செய்தித்தாளில் வந்தது. வரிக்கு வரி படித்தேன், ஒரு பிழைகூட இல்லை. குட்டி அதை வெட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், “எங்கம்மா” என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா. வாசல்வரை வந்து கூட்டிப்போகலாம்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஏப்ரலில் இருந்தது. அப்போதே வந்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

நீ திருத்திய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அடித்த சொல்லுக்குக் கீழே நான்கு புள்ளிகள் வைத்து, ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

இருக்கட்டும்.